சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்: குமரி மாவட்டக் கன்னியர் மடப் பெண்கள் பள்ளிகளின் வரலாறு எழுதுவோருக்கு

குமரி மாவட்டத்தில் வெள்ளிவிழா, பொன்விழா எல்லாம் தாண்டி நூற்றாண்டை எட்டும் கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகள் பல உண்டு. விழாவுக்கு ஓராண்டு இருக்கும்போது மலர்க்குழு ஒன்று கூடும். ஆயரின் ஆசிச் செய்தி, தாளாளர் உரை, தலைமையாசிரியைகளின் பெயர்ப் பட்டியல், கட்டடங்கள் திறந்த நாள்கள், தேர்ச்சி விழுக்காடு, பின்பக்கங்களில் விளம்பரம் என்று மலர் நிறைந்துவிடும். படித்த பெண்பிள்ளைகள் மட்டும் அதில் இருக்கமாட்டார்கள். யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள், எதனால் நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் பெண்கள் பள்ளி ஒன்றின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. அதற்கான முதல் சான்றை வெளியே தேட வேண்டியதில்லை. பள்ளி அலுவலகத்து இரும்பு அலமாரியில் சேர்க்கைப் பதிவேடாக இருக்கிறது. அந்த ஏட்டை எப்படிப் படிப்பது, அதோடு வேறு எவற்றை ஒத்துப் பார்ப்பது, எங்கெங்கே தவறு நுழையும் என்பதை இந்த வேலையில் கைபழகியவர்கள் என்ற முறையில் இங்கே எழுதிவைக்கிறோம்.

தொடக்க ஆண்டு எது

குழுவில் முதல் சச்சரவு இதில்தான் வரும். ஒரு பள்ளிக்குப் பல பிறந்தநாள்கள் உண்டு. பங்குச் சாமியாரோ சகோதரிகளோ நாலு பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாள் ஒன்று. கட்டடம் மந்திரித்த நாள் ஒன்று. அரசு அங்கீகாரம் கொடுத்த நாள், மானியம் கிடைத்த நாள், நடுநிலைப் பள்ளியான நாள், உயர்நிலை வகுப்பு திறந்த நாள் என்று வரிசை நீளும். இவற்றுக்கிடையே முப்பது நாற்பது ஆண்டு இடைவெளி இருப்பது அரிதல்ல.

முளகுமூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்திலிருந்து மதர் மரி லூயிஸ் தெ மீஸ்டரும் துணைச் சகோதரி ஒருவரும் 1897 நவம்பர் 7 அன்று அங்கே வந்து சேர்ந்தார்கள். பெல்ஜியக் கார்மேல் சபைக் குருக்கள் அழைத்த அழைப்பு அது. அங்கிருந்த அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படும் சபை அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. சபைக்கு அந்த நாள் சரி. ஆனால் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் ரேந்தை (லேஸ்) பின்னலும் சொல்லிக்கொடுத்ததும், அரசு அங்கீகரித்த பள்ளி நடந்ததும், உயர்நிலைப் பள்ளி ஆனதும் ஒன்றல்ல. பழைய கன்னியர் மடம் உள்ள எந்த ஊரிலும் இந்தப் படிகள் தனித்தனியாக இருக்கும்.

எங்கள் பரிந்துரை: ஒரே ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுத்துச் சண்டையை முடித்துவைக்காதீர்கள். எல்லா ஆண்டுகளையும் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் சான்று எது என்று எழுதுங்கள். சான்று இல்லாத ஆண்டுக்கு எதிரில் ‘வழிவழிச் செய்தி’ என்று போடுங்கள். வெள்ளிவிழா மலரில் இருப்பதைச் சான்றாக எடுக்கக் கூடாது. வெள்ளிவிழாவில் நுழைந்த பிழையைப் பொன்விழா மலர் நம்பி எடுத்தாளும், நூற்றாண்டு மலர் இரண்டையும் நம்பும்.

உயர்நிலைப் பள்ளி ஆன ஆண்டில் இன்னொரு கணக்கும் உண்டு. திருவிதாங்கூர் நாளில் ஆங்கிலப் பள்ளியில் முதல் ஃபாரம் முதல் ஆறாம் ஃபாரம் வரை வகுப்புகள். நடுநிலையாக இருந்த பள்ளியில் முதலில் நான்காம் ஃபாரம் மட்டும் திறக்க அனுமதி வரும். அடுத்த ஆண்டு ஐந்தாம் ஃபாரம், அதற்கடுத்த ஆண்டு ஆறாம் ஃபாரம். ஆகவே 1945 ஜூனில் நான்காம் ஃபாரம் திறந்திருந்தால், முதல் அணி பொதுத்தேர்வு எழுதுவது 1948-இல்தான். 1945, 1948 இரண்டும் மலர்களில் ‘உயர்நிலைப் பள்ளி ஆன ஆண்டு’ என்று மாறி மாறி வருவது இதனால். மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில்தான் இருந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் உயர்நிலை என்றால் 9, 10 இரண்டே வகுப்பு. அதன்பின் தரம் உயர்ந்த பள்ளியில் இரண்டாம் ஆண்டே தேர்வு வந்துவிடும். 1970-களில் படித்த ஒருவர் ‘பதினொண்ணு படிச்சேன்’ என்று சொன்னால் அது மேல்நிலை முதலாண்டு அல்ல, பழைய எஸ்.எஸ்.எல்.சி. என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொல்லம் ஆண்டு, சக்கரம், தாலுகா

1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் ஆட்சியின் கீழும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் கீழும் இருந்தவை. அதற்கு முந்தைய பள்ளி ஏடுகளில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக்கணக்கு வரும். மேற்குத் தாலுகாக்களில் எழுத்தே மலையாளமாக இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை முதல் வாரத்திலேயே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சு மலையாளம் படிப்பவர்கள் பழைய கையெழுத்தில் திணறுவார்கள். பத்திரம் படித்துப் பழகியவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கொல்லம் ஆண்டு சிங்கம் ஒன்றில், அதாவது ஆகஸ்ட் நடுவில், பிறக்கிறது. ஆங்கில ஆண்டு தெரிய, சிங்க மாதம் முதல் டிசம்பர் 31 வரை உள்ள தேதிக்குக் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் கர்க்கடகம் முடியும்வரை 825 கூட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27. துலாம் அக்டோபர்-நவம்பரில் வருவது. 824 கூட்டினால் 1936. பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வந்தது, சரியாக இருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டம் அமைந்த 1930 மே 26 கொல்லம் 1105 இடவத்தில் விழுகிறது. இங்கே கூட்டியது 825. தனு மாதம் தான் ஆளை ஏமாற்றும். அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. ஒரே தனு மாதத்தின் முதல் பாதிக்கு 824, பின்பாதிக்கு 825. மலையாள மாதமும் தமிழ் மாதமும் ஒரே சூரிய மாதம்தான் என்றாலும் மாதப்பிறப்பைக் கணிக்கும் விதி வேறு என்பதால் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் ஆகும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஏடுகள் முரண்படுகின்றன என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஆண்டுக் கணக்கில் வரும். ஜூனில் தொடங்கிய கல்வியாண்டின் முதல் இரண்டு மாதம் ஒரு கொல்லம் ஆண்டிலும் மீதி அடுத்த ஆண்டிலும் விழும். 1936 ஜூனில் சேர்ந்தவள் 1111 என்றும், அதே வகுப்பில் செப்டம்பரில் சேர்ந்தவள் 1112 என்றும் எழுதப்பட்டிருப்பாள். கொல்லம் ஆண்டை மட்டும் பார்த்து எண்ணினால் ஒரு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பட்டியலில் ‘கல்வியாண்டு’ என்று தனிப் பத்தி வைத்து 1936-37 என்று எழுதுங்கள்.

பணக் கணக்கும் அப்படியே. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பணம் என்ற நாணயம் ஒன்றுக்கு 4 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். சம்பளப் பட்டியலில் ரூபாய்க்கு அடுத்து வரும் எண் 16-ஐத் தாண்டியிருந்தால் அது அணா அல்ல, சக்கரம். புதிய பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. பழைய மானியத் தொகையை இன்றைய ரூபாயாக மாற்றிக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அதே ஆண்டில் ஓர் ஆசிரியைக்கு என்ன சம்பளம், போர்டிங்குக்கு மாதம் என்ன கட்டணம் என்று பக்கத்தில் வைத்தாலே தொகையின் கனம் தெரியும்.

தாலுகாவிலும் கவனம் வேண்டும். இரணியல் ஒரு காலத்தில் தனித் தாலுகா. குளச்சல் பக்கத்துப் பள்ளிகளின் பழைய கோப்புகளைக் கல்குளம் என்று தேடிக் கிடைக்கவில்லையென்றால் இரணியல் என்று தேடுங்கள்.

பதிவேட்டைப் படிக்கும் முறை

சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள், இதைக் கழிக்கமாட்டார்கள். சேர்க்கை எண், சேர்ந்த நாள், பெயர், தகப்பனார் அல்லது பாதுகாவலர், ஊர், தொழில், மதமும் சாதியும், பிறந்த நாள், சேர்ந்த வகுப்பு, முன்பு படித்த பள்ளி, விலகிய நாள், விலகிய வகுப்பு, காரணம், மாற்றுச் சான்றிதழ் எண் என்று இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே வரியாக ஓடும்.

எல்லா வரியையும் கணினியில் ஏற்ற முயன்றால் விழா முடிந்த பிறகும் தட்டச்சு முடியாது. ஐந்தாண்டுக்கு ஓராண்டு என்று எடுத்து, அந்த ஆண்டில் சேர்ந்த அத்தனை பிள்ளைகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 வரி ஓடும். கையெழுத்து மோசமானால் பாதிதான். ஏட்டில் உள்ளதை உள்ளபடியே எழுத ஒரு பத்தி, நீங்கள் திருத்திப் புரிந்துகொண்டதை எழுத இன்னொரு பத்தி வைக்க வேண்டும். திருத்தியதை மட்டும் எழுதினால் பின்னால் சரிபார்க்க வழியே இருக்காது.

‘இதுவரை இத்தனை ஆயிரம் பேர் படித்தார்கள்’ என்று மலரின் முதல் பக்கத்தில் போடும் எண் பெரும்பாலும் தவறு. கடைசிச் சேர்க்கை எண்ணை எடுத்து எழுதிவிடுவார்கள். பள்ளி தரம் உயரும்போது புது ஏடு போட்டு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். அப்போது எண் குறையும். தொடக்கப் பிரிவில் ஐந்தாம் வகுப்பு முடித்த அதே பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பிரிவில் சேரும்போது புது எண் வாங்கியிருப்பாள். அப்போது எண் கூடும். இடையில் நின்று திரும்பி வந்தவளுக்கும் புது எண்தான். போதாததற்கு, பல கன்னியர் மடப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளில் பையன்களும் படித்தார்கள். ‘முன்பு படித்த பள்ளி’ பத்தியில் அதே பள்ளியின் தொடக்கப் பிரிவு இருந்தால் அந்த வரியைத் தனியாகக் குறித்து ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

முக்கியமான கணக்கு இதுதான்: ஓராண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர் எத்தனை, எட்டைத் தாண்டியவர் எத்தனை, பள்ளி இறுதித் தேர்வு வரை வந்தவர் எத்தனை. இதை 1935, 1945, 1955, 1965, 1975 என்று அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பள்ளி அந்த ஊருக்கு என்ன செய்தது என்பது அந்த ஒரு பட்டியலில் தெரிந்துவிடும். நூறு பக்கம் வாழ்த்துச் செய்தியால் அதைச் சொல்ல முடியாது.

விலகிய காரணம் என்ற பத்தியை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது. ‘நீண்ட நாள் வராமை’ என்பதுதான் அதிகம் இருக்கும். அது பெரும்பாலும் எழுத்தர் வசதிக்காகப் போட்ட சொல். அதற்குப் பின்னால் கல்யாணம் இருக்கலாம், தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்தியது இருக்கலாம், வயதுக்கு வந்ததும் அனுப்பாமல் விட்டது இருக்கலாம், கடற்கரை ஊர்களில் குடும்பமே தொழிலுக்காக வேறு கரைக்குப் போனது இருக்கலாம். விலகிய மாதத்தையும் வயதையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். இன்னும் உறுதியாகத் தெரிய பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கச் சொல்கிறது. ஆகவே கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தி பள்ளியை விட்ட நாளும் அவள் கல்யாண நாளும் இரண்டு ஏடுகளில் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பள்ளியிலிருந்து நின்றது கல்யாணத்துக்காகவா, அல்லது நின்று ஐந்தாறு ஆண்டு வீட்டில் இருந்த பிறகுதான் கல்யாணமா என்பது விளங்கும். இந்த இரண்டும் வேறு வேறு கதைகள். பங்கு ஏட்டைப் பார்க்கப் பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வருவதால் பத்துப் பதிவு படித்தபின் பழகிவிடும்.

அதே ஏடு பிறந்த தேதிக்கும் உதவும். பள்ளிப் பதிவேட்டில் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்கள் இயற்கைக்கு மாறாகக் குவிந்திருப்பார்கள். சேர்க்கை வயதுக்கு ஏற்ப ஆசிரியர்கள் போட்ட தேதிகள் அவை. ஞானஸ்நானம் பிறந்த சில நாளில் நடந்துவிடும் என்பதால் கோயில் ஏட்டுத் தேதிக்கே நம்பகம் அதிகம்.

பெயரில் சிக்கல் இல்லாத பக்கமே கிடையாது. ஒரே வகுப்பில் மூன்று மரியம்மாள், இரண்டு சவேரியம்மாள், நான்கு லூர்தம்மாள் இருப்பார்கள். வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று முடிவுசெய்யுங்கள். புகழ்பெற்றவர்கள் இங்கே படித்தார்கள் என்ற பேச்சுக்கும் இதே அளவுகோல்தான். 1957-இல் குளச்சலில் வென்று காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்ற லூர்தம்மாள் சைமன் போன்றவர்களைத் தங்கள் மாணவி என்று சொல்லிக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் ஆசை வரும். சேர்க்கை எண்ணைக் காட்ட முடிந்தால் போடலாம்; முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

மடத்து ஏடுகள்

பள்ளி ஏட்டில் இல்லாதது மடத்தில் இருக்கும். பெரும்பாலான சபைகளில் ஒவ்வோர் இல்லமும் நாளேடு எழுதியாக வேண்டும். ஆயர் வந்தது, காலரா பரவியது, புயலில் கூரை போனது, முதல் தேர்வு முடிவு வந்தது எல்லாம் அதில்தான். வெளிநாட்டுச் சகோதரிகள் இருந்த மடங்களில் அது பிரெஞ்சிலோ பிளெமிஷிலோ ஜெர்மனிலோ இருக்கலாம். மடத்து ஏடு மடத்துக்கு உரியது, அந்தரங்கச் செய்திகளும் உள்ளது. மாகாணத் தலைவியிடம் அனுமதி கேட்கும்போது ‘எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்று கேட்காமல், எந்த ஆண்டுகள், என்ன செய்தி என்று குறித்துக் கேட்டால் கிடைக்கும்.

போர்டிங் கணக்கேடுகளைக் குப்பையென்று யாரும் எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1914 முதல் 1918 வரை பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அங்கிருந்து உதவி வந்துகொண்டிருந்த மடங்களின் வரவுப் பக்கத்தை அந்த ஆண்டுகளில் முதலில் பாருங்கள். 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) நம்பி வாழ்ந்தது; போர்டிங்கில் வாரம் எத்தனை நாள் சோறு, எத்தனை நாள் மரச்சீனி என்பதைக் கணக்கேடு சொல்லிவிடும்.

தலைமையாசிரியைகள் பட்டியலில் ஒரே ஆளே இரண்டு ஆளாக வருவது வழக்கமான பிழை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முன்பு துறவற உடுப்பு வாங்கும்போது சகோதரிகளுக்குப் புதுப் பெயர் கொடுப்பார்கள். அதன்பின் பலர் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினார்கள். அரசுப் பணிப்பதிவேட்டில் ஒரு பெயர், மடத்து ஏட்டில் ஒரு பெயர், மாணவியர் நினைவில் ‘பெரிய மதர்’ என்று இன்னொன்று. கையொப்பத்தை ஒப்பிட்டு, பணியேற்ற நாளும் விடுவித்த நாளும் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று பார்த்தால் தெளிந்துவிடும். ஆரம்ப காலத்தில் பங்குத்தந்தையே பள்ளியின் மேனேஜராக, அதாவது தாளாளராக, இருந்து, பிறகு அந்தப் பொறுப்பு சகோதரிகளுக்கு மாறிய இடங்களும் உண்டு. தாளாளர் பட்டியலையும் தலைமையாசிரியை பட்டியலையும் கலக்காதீர்கள்.

வெளியே தேட வேண்டியவை

1930 மே 26-க்கு முன்பு இந்தப் பகுதியின் பெரும்பகுதி கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது. ஆயர் பெஞ்சிகர் (1905-1931) காலத்துக் கடிதங்களைக் கோட்டாற்றில் மட்டும் தேடி நிறுத்திவிடாமல் கொல்லத்திலும் தேட வேண்டும். 2014 டிசம்பரில் குழித்துறை தனி மறைமாவட்டமானதால் மேற்குப் பங்குகளின் அண்மைக்காலக் கோப்புகள் அங்கே போயிருக்கும்.

அரசுக் கோப்புகளில் 1956-க்கு முந்தியவை திருவனந்தபுரத்தில், கேரள மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கும். பிந்தியவை சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும். திருவனந்தபுரம் போகுமுன் பள்ளியின் பெயரை அன்று எப்படி எழுதினார்கள் என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாலு விதமாக இருக்கும், பள்ளிப் பெயர் இல்லாமல் ‘கான்வென்ட் பெண்கள் பள்ளி’ என்று மட்டும் கூட இருக்கும். திருவிதாங்கூர் அரசின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் பள்ளிகளின் தனிப்பெயர் அதிகம் வராது. பெண்கள் பள்ளிகளின் மொத்த எண்ணிக்கை வரும். உங்கள் பள்ளியின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும்.

சென்னை மாநிலக் காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்குத் தனியாக ஆய்வாளர் பதவி இருந்தது. அங்கீகாரக் கோப்பை மாவட்டக் கல்வி அலுவலரின் பெயரில் மட்டும் தேடுபவர்களுக்கு அது கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். அங்கீகார ஆணையின் (‘செயல்முறைகள்’) ந.க. எண் என்ற கோப்பு எண்ணும் நாளும் பள்ளியிலுள்ள ஏதாவது ஒரு கடிதத்தின் ‘பார்வை’ பகுதியில் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கேட்டால் தேடுபவருக்கும் எளிது. நிலப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடும்போது பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். நிலம் கொடுத்தது யார் என்பதில் ஊரில் பேசப்படுவதும் பத்திரத்தில் இருப்பதும் வேறாக இருந்தால், பத்திரத்தில் உள்ளதை எழுதிவிட்டு ஊர்ப் பேச்சையும் மரியாதையாகப் பதிவுசெய்யுங்கள்.

சூழலை எழுதும்போது ஒன்றை மறைக்க வேண்டாம். தென் திருவிதாங்கூரில் பெண்கல்வியைத் தொடங்கிவைத்தது நாங்கள்தான் என்று கத்தோலிக்க மலர்கள் சில எழுதுகின்றன. புராட்டஸ்டண்ட் அமைப்பான லண்டன் மிஷனரி சொசைட்டியினர் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1819-இல். அதை நேராகச் சொல்லிவிட்டு, கத்தோலிக்கச் சகோதரிகள் எந்த ஊர்களுக்கு, எந்தப் பிள்ளைகளிடம் போனார்கள் என்று எழுதினால் அவர்களின் உழைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏட்டுக்குச் சேதம் வராமல்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கடற்கரைப் பள்ளிகளில் உப்புக்காற்று வேறு. கரையானும் இராமபாணப் பூச்சியும் போக, பழைய இரும்பு மையே தாளை அரித்து எழுத்துள்ள இடத்தில் ஓட்டை போட்டிருக்கும். கிழிந்த தாளை ஒட்ட செல்லோடேப் போடாதீர்கள். சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தோடு உரிந்து வரும். லேமினேஷனும் கூடாது, சூட்டில் செய்த அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. நனைந்த ஏட்டை வெயிலில் வைப்பதும் இஸ்திரி போடுவதும் தாளை முறுக்கிவிடும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒருமுறை மை உறிஞ்சும் தாளை இடையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள். உறிஞ்சும் தாளைச் சில மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். ஈரத்தாளுக்கு வலுவே இருக்காது, ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். முதுகு விட்டுப்போன ஏட்டை அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்துப் பருத்தி நாடாவால் கட்டினால் போதும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும்.

படமெடுக்க நல்ல கைப்பேசியே போதும். 12 மெகாபிக்சல் கேமராவில் ஃபுல்ஸ்கேப் பக்கம் ஒன்றை நிறைத்து எடுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளி (300 டிபிஐ) தெளிவு கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரே படமாக எடுத்தால் தெளிவு குறைந்துவிடும். சேர்க்கைப் பதிவேட்டின் வரி இரண்டு பக்கத்திலும் ஓடுவதால், படத்தின் பெயரில் ஏட்டு எண், தாள் எண், இடது அல்லது வலது என்று குறித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு பிள்ளையின் பெயருக்கு இன்னொரு பிள்ளையின் விலகல் காரணம் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கைப்பேசிக்குத் தாங்கி, ஃபிளாஷ் வேண்டாம். படங்களை மூன்று பிரதி வைத்து, ஒன்றைப் பள்ளி வளாகத்துக்கு வெளியே வையுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூத்த மாணவியரிடம் பேசும்போது

எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். ஆசிரியைகளை ஆறு மாதம் கழித்தும் பார்க்கலாம். ‘பள்ளியைப் பற்றிச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் ‘நல்ல ஸ்கூல், கண்டிப்பு’ என்பதோடு முடிந்துவிடும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், ஆறு குறுக்கே இருந்ததா, தூக்குவாளியில் என்ன இருந்தது, தாவணி எந்த வகுப்பில் கட்ட வேண்டும், மாதவிலக்கு நாள்களில் என்ன செய்தீர்கள், அக்கா தங்கை படித்தார்களா, உங்கள் வகுப்பில் யார் யார் நின்றுபோனார்கள் என்று கேளுங்கள். நின்றுபோனவர்களைப் பற்றிய கேள்விக்குத்தான் நீண்ட பதில் வரும். படித்து முடித்தவர்கள் மட்டும் பழைய மாணவியர் சங்கத்தில் இருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களை பங்கின் அக்கம்பக்கக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் விசாரித்துத் தேடிப் போக வேண்டும். அவர்கள் குரல் இல்லாத மலர் அரைகுறை.

பழைய வகுப்புப் படத்தைப் பெரிய பிரதி எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டமாகக் காட்டினால் முதலில் வாய்திறந்தவர் சொன்ன பெயரையே மற்றவர்களும் சொல்வார்கள். இருவர் ஒத்துச் சொன்ன பெயரை மட்டும் அச்சிடலாம்.

அச்சிடக் கூடாதவை

பதிவேட்டில் சாதி இருக்கும், தகப்பன் பெயர் இல்லாத இடம் இருக்கும், ‘அநாதை’ என்ற சொல் இருக்கும். எண்ணிக்கையாகத் தொகுத்துச் சொல்லலாம். ஒருவர் பெயரோடு சேர்த்து இவற்றில் எதையும் அச்சிடக் கூடாது, அந்தப் பக்கத்தின் படத்தையும் அழகுக்காகப் போடக் கூடாது. அநாதை இல்லத்தில் வளர்ந்தவரின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். ஆழிப்பேரலையிலும் 2017 ஒக்கிப் புயலிலும் தகப்பனை இழந்து சேர்ந்த பிள்ளைகள் இன்னும் இளம் பெண்கள். அவர்கள் தாமாக முன்வந்து சொன்னால் தவிர எழுத வேண்டாம். பிள்ளைகளை அடித்த ஆசிரியை, சாதி பார்த்த விடுதி என்று யாராவது சொன்னால் அந்த நடைமுறையை மறைக்காமல் எழுதுங்கள். ஆளின் பெயரை விட்டுவிடலாம்.

அச்சு வேலையில் இரண்டே செய்தி. பழைய மலரின் கணினிக் கோப்பு கிடைத்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் ஒகர, ஓகாரக் குறிகளும் சிதறும், சகோதரிகளின் பெயர்களில்தான் அது அதிகம் தாக்கும். பெயர்ப் பட்டியலை மட்டும் இருவர் தனித்தனியே மெய்ப்புப் பாருங்கள். பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக வரட்டும்.

வெளிவந்து முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் குறிப்பிடும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் சபையின் மாகாண இல்லத்துக்கும் மலரோடு சேர்த்து, நீங்கள் தயாரித்த பதிவேட்டுப் பட்டியலையும் பேட்டி ஒலிப்பதிவுகளையும் கொடுங்கள். எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, எந்தெந்த ஆண்டுகளை ஏற்றினீர்கள், எவற்றை விட்டீர்கள், யார் பேட்டியை எத்தனை ஆண்டுக்கு வெளியிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அதோடு இணைத்துவிடுங்கள்.